கரிநாக்குத் தபோதரனின் கணிப்பு

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் தபோதரனின் குரல் பதிவு வந்துவிட்டால், அடுப்பில் கறி கருகினாலும் ஆட்கள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கமாட்டார்கள். ட்ராம் ஓட்டுவது மனிதருக்குத் தொழில். உதைபந்தாட்டத்தில் யார் வெல்வார் என்று சொல்வது வியாதி. லீக் முடிந்து, மேல் பிரிவுக்கு ஏறுவது யார் என்று தீர்க்கிற கடைசி ஆட்டங்கள் வந்தால் வியாதி முற்றிவிடும்.

ஊரே புள்ளிப் பட்டியலைப் பார்க்கும். அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "வருசம் முழுக்க ஆரோடையோ அடிச்ச கோலை விடுங்கோ. இவை எப்பிடிக் கோல் அடிக்கிறவை? அந்த அடி எதிரணியிட்டை எடுபடுமோ? அதைச் சொல்லுங்கோ முதல்," என்று தொடங்கினால் லேசில் ஓயாது. உயரப் பந்து போட்டுத் தலையால் இடிக்கிற அணி நெட்டையான பின்வரிசையிடம் மாட்டினால் கதை கந்தல் என்பார். கந்தலாகத்தான் போகும். அதிலும் தோற்கும் என்று சொன்னது தப்பாமல் பலிக்கும். கெட்டது சொன்னால் நடந்தே தீர்கிற கரிநாக்கு என்று அவருக்குப் பட்டம் கொடுத்தது வேறு யாருமில்லை, மனைவி சந்திரகாந்திதான்.

இந்த வருடம் வினை வீட்டுக்குள்ளேயே வந்தது. சந்திரகாந்தியின் ஒரே தம்பி கார்த்திகன் பயிற்றுவிக்கிற தமிழ்ப் பொடியன்களின் கழகம், அடிமட்டப் பிரிவில் இரண்டாவதாக வந்து, மேலே ஏறுவதற்கான ஒற்றை ஆட்டத்தைப் பிடித்துவிட்டது. தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட ஏறாத கழகம். பகலெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, மழையிலும் பனியிலும் அந்தப் பிள்ளைகளோடு மைதானத்தில் நின்றவன் கார்த்திகன். தபோதரனுக்கு அவன் மேல் உயிர்.

எதிரணி ஆடுவதைப் போய்ப் பார்த்தார். கார்த்திகனின் பொடியன்கள் பந்தைப் பறித்ததும், எதிரி விட்டுவிட்டு வந்த வெளியில் பாய்ந்து ஓடிக் கோல் அடிக்கிறவர்கள். எதிரணிக்காரரோ தங்கள் பாதியை விட்டு வெளியே வந்தால்தானே! தங்கள் கோலடியில் குந்தியிருந்து, ஒரு கோர்னர் கிடைத்தால் போய்த் தலையால் இடித்துவிட்டு, திரும்பவும் வந்து குந்துகிற கூட்டம். இடமே இல்லாவிட்டால் ஓட்டக்காரன் எங்கே ஓடுவது? ஒன்றுக்குப் பூச்சியம், தோல்விதான்.

வாசலில் அவர் முகத்தைக் கண்டதுமே சந்திரகாந்திக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, புண்டெஸ்லிகாவிலை விளையாடுற பெரிய கழகங்களைப் பற்றி என்னவும் சொல்லுங்கோ. என்ரை தம்பியின்ரை பொடியள் தோப்பாங்கள் எண்டு உங்கடை வாயாலை வரக்கூடாது. சொல்லிப்போட்டன்."

பகுத்தறிவு பேசுகிற மனிதர்தான். ஆனாலும் பயந்துவிட்டார். தன் நாக்கால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? "எங்கடை பொடியள் மூண்டுக்குப் பூச்சியம் வெல்லுவினம்," என்று குழுவில் சொல்லிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். குழுவில் ஒரே வாணவேடிக்கை. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து கார்த்திகன் வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தான், ஏன் வெல்லுவம்?"

"நல்லா விளையாடுறியள்தானே."

"சும்மா விடுங்கோ. ஏன் எண்டு சொல்லாமல் நீங்கள் ஒரு நாளும் வாய் மூடினதில்லை. பலிச்சிடும் எண்டு பயந்து நீங்கள் மறைச்சால், நான் கண்ணைக் கட்டிக்கொண்டெல்லோ அங்கை போகவேணும்?"

தபோதரன் மனைவியைப் பார்த்தார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

"தோப்பியள்," என்றார். பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். "ஓட இடம் தரமாட்டாங்கள். ஒண்டு செய். பந்தை அவங்களிட்டையே விட்டுடு. வச்சுக்கொண்டு என்ன செய்யிறதெண்டு அவங்களுக்குத் தெரியாது. வெக்கத்திலை எண்டாலும் வெளியிலை வருவாங்கள்."

ஞாயிறு ஆட்டத்தில் முதல் பாதி கண்றாவி. இரண்டு அணிக்கும் பந்து வேண்டாம். மீன் ரோல்ஸ் கடித்தபடி நின்ற சனம், "பந்தை ஏன்ரா குடுக்கிறியள், விசரங்களே!" என்று கத்தியது. கார்த்திகன் அசையவில்லை. இரண்டாம் பாதியில் எதிரணியின் சொந்த ஆட்களே அவர்களைத் திட்டத் தொடங்க, ரோசம் வந்து முன்னே வந்தார்கள். கார்த்திகனின் ஓட்டக்காரன் யதுசன் பந்தைப் பறித்தான். முன்னால் வெறும் புல்வெளி. ஓடினான், அடித்தான், கோல்!

கடைசியில் எதிரணிக்கு ஒரு கோர்னர். தபோதரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கோல் காப்பாளன் குத்தித் தள்ளிய பந்து எல்லோர் தலைக்கும் மேலே போக, ஆட்டம் முடிந்ததற்கான விசில் ஒலித்தது.

"அண்ணை சொன்னால் சொன்னதுதான்!" என்று சனம் அவரைத் தூக்கியது. மூன்று கோல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரோ மேலே இருந்தபடி குழந்தைபோல அழுதார். தோற்பார்கள் என்று கார்த்திகனிடம் சொன்ன கணிப்பு பொய்த்துவிட்டது; வாழ்நாளில் இப்படிப் பொய்த்ததில்லை. இப்படி அவர் சந்தோசப்பட்டதும் இல்லை.

கீழே இறங்கியதும் சந்திரகாந்தி கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"இஞ்சேருங்கோ, அடுத்த வருசமும் தோப்பாங்கள் எண்டால் தோப்பாங்கள் எண்டே சொல்லுங்கோ. ஆனால் முதல்லை தம்பியிட்டைச் சொல்லுங்கோ."