கமலேஸ்வரி பெயர் எழுத மறுத்த மரம்

கமலேஸ்வரி கட்டைபறிச்சான்காரி. காலையில் மூதூரில் லோஞ்சுப் படகேறிக் குடாவைக் கடந்து, திருகோணமலையில் ஓர் அரசாங்கக் கந்தோருக்கு ரைப்பிஸ்ட் வேலைக்கு வருவாள்.

1962இல் வீதியோர அழகு மரங்களின் பட்டியல் ஒன்றைக் கொழும்பு கேட்டது. கிளாக்கர் யோகலிங்கம் பெயர்களைச் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

"கந்தோர் வாசல் படலையடியில நிக்கிறது மேப்பூ, சிவப்பாய்ப் பூக்கிற மரம்."

அவள் கை நின்றது. "அது மேப்பூ இல்லை."

"இலையைப் பாருங்கோ மிஸ். சீப்புச் சீப்பாய், அச்சு அசல் மேப்பூ."

"இலை அப்பிடித்தான். குருத்தைப் பாத்தனீங்களோ? துருப்பிடிச்ச நிறம். இது இயவாகை. எங்கட அப்பா இதின்ர பட்டையை அவிச்சுத்தான் வலைக்குச் சாயம் போடுறவர்."

"இயவாகையெண்டால் மஞ்சள் பூ எங்க?"

மரம் இளசு. அதுவரை பூத்ததில்லை, காய்த்ததுமில்லை. யோகலிங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. நம்பாத பெயரை எழுத அவளாலும் ஏலாது. பெயருக்குரிய இடத்தில் 'இன்னும் பூக்கவில்லை' என்று தட்டினாள். கந்தோர்ப் பெரியவர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

மூன்று கிழமையில் கொழும்பிலிருந்து பதில் வந்தது: 'பூத்ததும் அறிவிக்கவும்.'

கந்தோர் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து யோகலிங்கம் மரத்துக்குத் தினமும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினான், சிவப்பாய்ப் பூக்கும் என்ற நம்பிக்கையில். அவள் ஜன்னலால் பார்த்துக்கொண்டே தட்டினாள்.

மாரி கழிந்து, பங்குனியில் ஒரு காலை அவள் வரும்போது அவன் மரத்தடியில் நின்றான். தலைமயிரில் மஞ்சள் இதழ்கள்.

"காயையும் பாத்திட்டுத்தான் ஒத்துக்கொள்ளுவன்" என்றான்.

இரண்டு மாதம் கழித்து, விரல் நீளத்தில் தகடுபோல மெல்லிய செப்பு நிறக் காய் ஒன்றை அவள் மேசையில் வைத்தான். "மேப்பூக் காயெண்டால் முழ நீளத்தில வாள்மாதிரி இருக்கோணும். நான் தோத்துப்போனன்." கொஞ்சம் தயங்கி, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு கட்டைபறிச்சானுக்கு வரலாமோ?" என்று கேட்டான்.

கமலேஸ்வரி மெஷினில் ஒரு தாளைச் செருகினாள். இயவாகை பூத்ததென்று கொழும்புக்கு அனுப்பவேண்டிய கடிதத்தை முதலில் தட்டி முடித்தாள். அதை அவனிடம் நீட்டும்போதுதான் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில நிப்பார்."

ஆவணியில் கல்யாணம்.

பிறகு, மரம் தெரிந்தவளென்று கேள்விப்பட்டு, ஊரார் அவளிடம் கொப்பும் காயும் கொண்டுவந்து பெயர் கேட்டார்கள். கந்தளாயிலிருந்து ஒருவர் சாக்கு நிறைய மரப்பட்டையே கொண்டுவந்தார். உரித்தாள், முகர்ந்தாள், நனைத்தும் பார்த்தாள். அது என்ன மரமென்று கடைசிவரை பிடிபடவில்லை. தெரியாத பெயரைச் சொல்லாமல், வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள்.