பிழை கேட்டு வந்தவள்

பல்கலைக்கழக நூலகத்தின் மூலை அறையில், மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்த உதவுவது என் வேலை. அவர்களில் ஒருத்தி மாங்கேணிக் கிராமத்திலிருந்து வருவாள். ஒல்லியான உடம்பு, தூக்கமில்லாத கண்கள். உட்காருமுன் கதவைத் திரும்பிப் பார்ப்பாள். கட்டுரையை மேசையில் கவிழ்த்து வைத்து, வியர்த்த உள்ளங்கையால் அழுத்திக்கொள்வாள்.

கடைசியாக வந்தபோது, வாவியில் இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தாள். வாசித்துவிட்டு, "ஒரு பிழையும் இல்லையே, பிறகென்ன பயம்?" என்றேன்.

"அதுதான் சேர் பயம். இது ஏஐ எழுதினது எண்டு கம்ப்யூட்டர் காட்டுதாம். துறைத்தலைவர் விசாரணைக்கு வரட்டாம். நான்தான் எழுதின நான், சேர்." தாளை என் பக்கம் தள்ளினாள். "இனிமேல் கொஞ்சம் பிழை விட்டு எழுதச் சொல்லித் தருவீங்களா?"

சிவப்புப் பேனா என் கையில் இருந்தது. எனக்குத் திருத்த மட்டுந்தான் தெரியும். நான் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்துவிட்டு, தாளை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலையே அவளுக்காகத் துறைத்தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வழக்கம்போல் சுத்தமான ஆங்கிலம். அனுப்புமுன் வாசித்துப் பார்த்தபோது என் உள்ளங்கையும் வியர்த்தது. ஒரு சொல்லில் ஓர் எழுத்தை அழித்துவிட்டு அனுப்பினேன்.