அத்தை பார்த்த டோக்கியோ

மற்றவர்களை ஊர் சுற்ற வைப்பது என் வேலை. பயண ஏஜென்சி ஒன்றில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். புதுசாகக் கல்யாணமான ஜோடி, ஓய்வுபெற்ற வாத்தியார், முழங்கால் வலிக்காரர் என்று யார் வந்தாலும் நாள்வாரியாகத் திட்டம் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டுக்கு நேராக இறங்கலாம் என்பதுவரை அதில் எழுதியிருப்பேன். நான் மட்டும் எங்கும் போனதில்லை. இந்த வருடம்தான் நான், என் வீட்டுக்காரர், மகள் மூன்று பேரும் டோக்கியோ போவதென்று முடிவானது. எங்கள் குடும்பத்துக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். அந்தத் திட்டத்தை மட்டும் நான் போடக் கூடாதாம். அண்ணியைக் கேட்க வேண்டுமாம்.

அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், துணி தைத்துக் கொடுக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் கணவர் கம்பெனி வேலையாக டோக்கியோ போனபோது கூடப் போய் வந்தார். ஆறே ஆறு நாள்! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஜப்பான் என்று யார் வாயைத் திறந்தாலும் கடைசிப் பேச்சு அவருடையதுதான். பதினான்கு வயதாகும் என் மகள் அத்தையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். நான் ஒரு பூங்காவைச் சொன்னால், அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்பாள். என் வயிறு எரியும். பொய் சொல்வானேன், திகுதிகுவென்று எரியும்.

ஞாயிறுதோறும் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் திட்டம் போடும் வேலை. நான் அச்செடுத்து வந்த வரைபடங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அண்ணி தன் கைபேசியில் இருக்கும் படங்களைக் காட்டுவார். மகள் அவர் தோளில் சாய்ந்துகொள்வாள். என் தோளில் அவள் சாய்ந்து இரண்டு வருடம் இருக்கும். ஒருநாள் அண்ணி, அந்த ஊர் எஸ்கலேட்டரில் வலப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். அது ஒசாகா வழக்கம், டோக்கியோவில் இடப்பக்கம் என்றேன்.

"நீ போயிருக்கியாம்மா?" என்றாள் மகள்.

என் வீட்டுக்காரர் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் ஆறு நாள் அங்கே சுற்றியவருக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? மறுநாள் ஆபீசில் கூட்டம் குறைந்த நேரத்தில், அண்ணி எங்களுக்கு அனுப்பியிருந்த படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். ஓட்டல் அறைப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. மொத்தம் நாற்பத்து மூன்று படங்கள். காலை, மாலை, மழை, வெயில் எல்லாம் இருந்தது. எல்லாவற்றிலும் இடது மூலையில் அதே நீலக் கட்டடம், அதே உயரம். இரண்டு படங்களில் கண்ணாடியில் திரைச்சீலையின் நிழல் விழுந்திருந்தது. அத்தனையும் ஒரே ஜன்னலிலிருந்து எடுத்தவை. எனக்கு வாயெல்லாம் பல்.

அன்று சாயங்காலமே தனியாகப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்கத்தான் எனக்கு ஆசை. அடுத்த ஞாயிறுவரை பொறுத்திருந்து, குழையக் குழையக் கேட்டேன்.

"ஓட்டல்லேர்ந்து ஸ்டேஷனுக்கு எந்த வாசல் வழியா போனீங்க அண்ணி? சொன்னா எழுதிக்குவேன்."

பெரிய வாசல் என்றார். ஓட்டலுக்குப் பக்கத்திலிருக்கும் ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய இருநூறு வாசல் இருக்கிறதே என்றேன். படமெல்லாம் ஒரே ஜன்னலில் எடுத்த மாதிரி இருக்கிறதே என்றும் சேர்த்துச் சொன்னேன். அண்ணி கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் எங்கயும் போகல," என்றார். "அவர் காலைல வேலைக்குப் போயிடுவாரு. நீ தொலைஞ்சு போயிடுவே, வெளிய போகாதேன்னு சொல்லிட்டாரு. ஆறு நாளும் அந்த ரூம்லதான் இருந்தேன். திரும்பி வந்ததும் எல்லாரும் ஆசையா கேட்டீங்க. இல்லைன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

மகள் எழுந்து போய் அத்தையைக் கட்டிக்கொண்டாள். எங்களோடு நீங்களும் வாருங்கள், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். அத்தானிடம் தான் பேசுவதாக என் வீட்டுக்காரர் சொன்னார். நான் அச்செடுத்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அண்ணி கிளம்பிய பிறகு மகள் சமையலறைக்கு வந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"எது?"

"தெரிஞ்சுதான் எங்க முன்னாடி வச்சுக் கேட்டே."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பதிலுக்காக நிற்கவில்லை. போகிற போக்கில், விமானத்தில் தனக்கு அத்தை பக்கத்தில் சீட் போடச் சொன்னாள்.

அண்ணியின் கணவர் சம்மதித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து நான்காவது பெயரைச் சேர்த்தேன். மகளையும் அண்ணியையும் ஒரு வரிசையில் போட்டு, எங்கள் இருவரையும் பின்வரிசையில் போட்டேன். டிக்கெட்டை எல்லாருக்கும் அனுப்பிய ஐந்தாவது நிமிடம் அண்ணி கூப்பிட்டார். "நீ மட்டும் அன்னைக்குக் கேக்கலைன்னா நான் சாகற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். நீ நல்லா இருக்கணும்மா," என்றார்.

மகள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டாள் என்று கைபேசியில் தெரிந்தது. சாயங்காலம் வேலை முடியும்வரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.