நேர்த்தியான தாறுமாறு

சோதனைக்கூடத்தில் அவருக்குப் பசையக்கா என்று பெயர். லிஃப்ட் மோட்டாரை ஓட்டும் பவர் மாட்யூல்களைச் சாகும்வரை வதைப்பது அவர் வேலை. அதைக் குழந்தையைக் குளிப்பாட்டும் பக்குவத்தோடு செய்வார். மாட்யூலின் அடியில் சூட்டைக் கடத்தும் பசையை ஒரு குமிழி இல்லாமல் தடவி, உலோகத் தட்டில் பொருத்தி, மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுப்பார்.

ஒவ்வொரு முறையும் உள்ளே சில்லு சூடேறி ஆறும். சிலிக்கன் சில்லு கொஞ்சம்தான் விரியும். அதன்மேல் ஒட்டிய அலுமினியக் கம்பிகள் நிறைய விரியும். ஒத்துப்போகாத தம்பதிபோல இழுபறி. என்றாவது ஒரு கம்பி விட்டுப்போகும். அதன் சுமையும் மற்றவற்றின் தலையில் விழ, எல்லாம் பொசுங்க நேரமாகாது.

புதிதாக வந்த மாட்யூல் அவர் கையில் சாகவே மறுத்துத் தேறியது. வெளியே, மொட்டைமாடி லிஃப்ட் அறைகளில், வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கருகியது. தயாரித்த நிறுவனம் பசையக்காவின் சோதனை முடிவையே நீட்டியது: பொருளில் குற்றமில்லை, மாடியில் அதைப் பொருத்தும் ஃபிட்டர்களுக்குப் பசை தடவத் தெரியவில்லை. அவர்களை வேலையைவிட்டு நிறுத்தப் பேச்சு நடந்தது.

தன் சுத்தமான வேலை பிறர் வயிற்றில் அடிப்பதைப் பசையக்காவால் தாங்க முடியவில்லை. இம்முறை அசட்டையாகத் தடவுவதாகச் சொல்லி மேலாளரிடம் மறுசோதனை கேட்டு வாங்கினார். முயன்றார், வரவில்லை. தாறுமாறும் நேர்த்தியான தாறுமாறாகவே வந்தது. வீட்டில் கணவர் சிரித்தார்.

"என்னைக் கூட்டிட்டுப் போ. இதுல நான் பிறவிக் கலைஞன்."

அவரை விட்டுவிட்டு ஒரு ஃபிட்டரை வரவழைத்தார். வந்தவர் தன்னைச் சிக்கவைக்கத்தான் ஏற்பாடு என்று பயந்து, பார்த்துப் பார்த்துத் தடவினார்.

"அண்ணே, பரீட்சை எழுதாதீங்க. மாடியில எப்படிச் செய்வீங்களோ அப்படிச் செய்யுங்க."

"மாடியில மேசை போட்டா செய்யறோம்? மேல தகரம் கொதிக்கும். கன்ட்ரோல் பெட்டி இடுக்குல ஒரு கைதான் போகும். லிஃப்ட் எப்ப ஓடும்னு கீழேருந்து போன் மேல போன்."

பெட்டியைச் சுவரோரம் நெருக்கினார்கள், ஹீட்டரைப் போட்டார்கள். மேலாளர் அடுத்த அறையிலிருந்து விடாமல் போன் செய்தார். அதில் அவருக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. பசை ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் வெறுமை. பசையக்கா கைகளைப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு நின்றார்.

மாட்யூல் பாதிச் சோதனையைக்கூடத் தாண்டவில்லை. பசை படாத பக்கத்துக் கம்பிகளே முதலில் சில்லைவிட்டுப் பெயர்ந்திருந்தன. சாதாரணக் கைக்கும் மாடிச் சூட்டுக்கும் இது தாங்காது என்று எழுதிக் கையெழுத்திட்டார். இனி ஆலையிலேயே பசை தடவி அனுப்ப நிறுவனம் ஒப்புக்கொண்டது, ஃபிட்டர்கள் தப்பித்தார்கள். தடவிய ஃபிட்டருக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி.

"நான் தடவினது தப்புன்னு எழுதலையேம்மா?"

"தப்பாத் தடவினாலும் தாங்கணும்னு எழுதியிருக்கேன்."

"அப்போ தப்புதான்."

"தப்புதான், அண்ணே."