தானாகப் பூட்டும் கதவு

கனடாவிலிருந்து மாமா வீடியோ அழைப்பில் வருகிறார் என்றால், அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் ஃபோனைத் தொடுவார். அப்பா தோட்டத்திலிருந்து வந்த கோலத்தில் நின்றால் சட்டை போடச் சொல்லித் துரத்துவார். கோப்பாயில் எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றிக் கொடுத்தவர், கிணற்றுக்கு மோட்டார் பூட்டிக் கொடுத்தவர் மாமா. அம்மாவின் ஒரே அண்ணன். “என்ன மருமோன், படிக்கிறியோ, இல்லை மாடு மேய்க்கிறியோ?” என்று என்னைக் கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். எத்தனை தடவை கேட்ட பகிடியானாலும் நாங்களும் சேர்ந்து சிரிப்போம். மாமி மட்டும் பின்னால் எங்கோ நடந்து போவார், கதைக்க வரமாட்டார். “அவவுக்கு எழுப்பம்” என்று பெரியம்மா அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். எழுப்பம் என்றால் எங்கள் ஊரில் தலைக்கனம்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போனபோது மாமா விரலால் தொட்டு இயக்குகிற ஒரு டாப் அனுப்பினார். அதில் எல்லோரும் விளையாடுகிற கட்டை விளையாட்டு இருந்தது. மரம், மலை, மாடு, மேலே போகிற சூரியன்கூட அதில் சதுரக் கட்டைதான். மாமாவின் மகளுக்கும் என் வயது. இருவரும் ஒரே உலகத்துக்குள் போய் விளையாடலாம் என்று அவள்தான் வழி காட்டினாள். எனக்கு அவள் மச்சாள் முறை என்பதால் வீட்டில் என்னைப் படுத்தாத பாடு படுத்தினார்கள். டாப்பைக் கையில் எடுத்தாலே “மாப்பிள்ளை கனடாவுக்குப் போறார், வழி விடுங்கோ” என்பார் பெரியம்மா. எனக்கு அவமானமாக இருக்கும். ஆனாலும் போவேன்.

மற்றப் பிள்ளைகள் அதில் கோட்டை கட்டினார்கள், தங்கம் தோண்டினார்கள். நான் மின்சுற்றுகளில் விழுந்துவிட்டேன். நிலத்தில் ஒரு சிவப்புத் தூளைத் தூவிக்கொண்டு போனால் அது வயரைப்போல மின்சாரத்தைக் கொண்டுபோகும். கதவுக்கு முன்னால் ஒரு பலகை வைத்தால், அதை மிதித்தவுடன் கதவு திறக்கும். எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பற்றரி, போட்டு அணைக்க ஒரு ஆளி, ஒரு மின்குமிழ், அதோடு பாடம் முடிந்துவிடும். இங்கே முடிவே இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பொடியன் போட்ட வீடியோக்களை, அவன் சொல்வதில் பாதிக்கு மேல் விளங்காமல், கையை மட்டும் பார்த்துப் பார்த்துப் படித்தேன். அந்தத் தூளோடு பூட்டுகிற சிவப்புத் தீப்பந்தங்கள் இரண்டை ஒன்றையொன்று அணைக்கும்படி பூட்டினால் அந்தச் சுற்றுக்கு ஞாபகசக்தி வந்துவிடும் என்று கண்டுபிடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியாக எந்தப் பலகையை யார் மிதித்தார்கள் என்பதை அது மறக்காது.

நாங்கள் சேர்ந்து விளையாடியது சனிக்கிழமைக் காலைகளில். எங்கள் முற்றத்தில் வெயில் ஏறும் நேரம் அவளுக்கு வெள்ளிக்கிழமை நடுச்சாமம். கனடாவில் பிள்ளைகளை நித்திரைக்குப் போகச் சொல்லி யாரும் ஏசுவதில்லைபோல என்று நான் பொறாமைப்பட்டேன். அம்மாவின் ஃபோனில் அவளை அழைத்துக் கதைத்துக்கொண்டே விளையாடுவேன். அவள் எப்போதும் குசுகுசுவென்றுதான் கதைப்பாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு கதவு. கோட்டை, தோட்டம், புகைவண்டி என்று நான் எதைச் சொன்னாலும் “முதல் கதவைச் செய்வம்” என்பாள். நீளமான விறாந்தை, அதன் முடிவில் ஒரு அறை, அறைக்கு இரும்புக் கதவு. அம்மா ஓடி வந்தால் அது திறக்க வேண்டுமாம். பின்னால் அப்பா வந்தால் திறக்கக் கூடாதாம்.

“பலகைக்கு ஆளைத் தெரியாது” என்றேன்.

“அம்மாவுக்கு மட்டும் எப்பிடி மிதிக்கிறதெண்டு சொல்லிக் குடுப்பம். அப்பாவுக்குத் தெரியாது.”

நல்ல யோசனை. விறாந்தையில் இடமும் வலமுமாகப் பலகைகள் வைத்தேன். முதலில் இடது, பிறகு வலது, மறுபடியும் வலது. அந்த ஒழுங்கில் மிதித்தால் மட்டும் கதவு திறக்கும்படி ஞாபகச் சுற்றுகளை அடுக்கிக்கொண்டு போனேன். நிலத்துக்குக் கீழே சிவப்புத் தூள் ஒரு வயல் அளவுக்குப் பரவியது. இதற்குப் பல சனிக்கிழமைகள் போயின. பெரியம்மா சொன்னதுபோல அந்த நேரத்தில் ஒழுங்காகக் கணக்குப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

முடித்த அன்று சோதித்துப் பார்த்தோம்.

“நான் அம்மா. நீ அப்பா. கத்திக்கொண்டு கலைச்சுக்கொண்டு வா” என்றாள்.

அவளுடைய கட்டை மனுசி பலகைகளை மிதித்துக்கொண்டு ஓடினாள். கதவு திறந்தது. நான் கத்திக்கொண்டே பின்னால் பாய்ந்தேன். கதவு மூடுவதற்கு நான் வைத்திருந்த தாமதம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. மூடுவதற்குள் நானும் உள்ளே போய்விட்டேன். அவளை மூலையில் மடக்கி, வீடே அதிரும்படி “பிடிச்சிட்டன்!” என்று கத்தினேன்.

ஃபோனில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. அவளுடைய மனுசி மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு திரையிலிருந்து மறைந்துபோனாள். தோற்றால் அழுகிற ரகம் என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவளே வந்தாள். நான் அறைக்குள்ளும் ஒரு பலகை வைத்தேன். உள்ளே வந்தவர் அதில் கால் வைத்தவுடன் கதவு அடித்து மூடும். வெளியில் இருக்கிற அத்தனை பலகைகளும் செத்துவிடும். அதன்பிறகு அப்பா எந்த ஒழுங்கில் மிதித்தாலும் பயனில்லை. நான் அப்பாவாகி முட்டி மோதிப் பார்த்தேன். முடியவில்லை. “இன்னொருக்கா வா” என்றாள். வந்தேன். “இன்னொருக்கா.” எனக்கு அலுத்துப்போகும்வரை அவள் உள்ளே நின்று என்னை வெளியில் மோதவிட்டாள். அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

கடைசியில், “உந்தக் கதவை உண்மையான வீட்டிலை செய்யலாமோ?” என்று கேட்டாள்.

எனக்கு மண்டை வீங்கிவிட்டது. “ஓம், செய்யலாம். ஏன், உன்ரை அறைக்குப் பூட்டு இல்லையோ?”

“இருந்தது. உடைஞ்சு போச்சு.”

“அப்ப மாமாட்டைச் சொல்லு, திருத்தித் தருவார். எங்கடை வீட்டுக் கூரையையே மாத்தித் தந்தவர்.”

அவள் கொஞ்ச நேரத்தில் நித்திரை வருகிறது என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த உலகத்துக்கு வரவே இல்லை. சனிக்கிழமைகளில் நான் அந்த விறாந்தையில் தனியாக மேலும் கீழும் நடப்பேன். கதவு ஒழுங்காகத் திறந்து மூடும். அதைக் காட்டுவதற்கு ஆளில்லாதது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பெரியம்மா பக்கத்தில் இருந்தார். மாமி மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டாராம். மாமா குடித்துவிட்டு அடிக்கிறார் என்று பொலிசில் சொல்லியிருக்கிறாராம்.

“என்ரை அண்ணை ஒரு எறும்புக்கும் தீங்கு செய்யமாட்டார்” என்றார் அம்மா. “மனிசியெண்டால் கொஞ்சம் பொறுத்துப் போக வேணும்” என்றார் பெரியம்மா. வாசலில் நின்ற அப்பா மட்டும், “அங்கத்தை வெள்ளி இரவுகளிலை குடிச்சிட்டு எனக்கு ஃபோன் எடுத்து அந்த மனிசன் கதைக்கிற கதையை நானும் கேட்டிருக்கிறன்” என்று தொடங்கினார். அம்மா பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திவிட்டார்.

அப்போது பெரியம்மாவின் கண்ணில் நான் பட்டேன். “இவன்தானே கிழமைக்குக் கிழமை அவளோடை கதைக்கிறவன். இவனைக் கேளுங்கோவன்.”

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பன், மச்சாள் உன்னட்டை மாமாவைப் பற்றி ஏதும் சொன்னவளோ? உண்மையைச் சொல்லு” என்றார்.

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன்.

“இல்லை. ஒண்டும் சொல்லேல்லை. நாங்கள் விளையாடினது மட்டும்தான்.”

“பாத்தியளோ” என்று அம்மா அப்பாவிடம் திரும்பினார். “அப்பிடி ஏதும் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இவனிட்டையாவது சொல்லியிருக்குந்தானே.”

அப்பா தோட்டத்துக்குப் போனார். அன்று பின்னேரம் அம்மா மாமாவுக்கு ஃபோன் எடுத்து நான் சொன்னதைச் சொன்னார். அடுத்தடுத்த நாட்களில் கேட்க வந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் அதையே சொன்னார். என்னைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் நிறுத்தி, என் வாயாலும் சொல்ல வைத்தார். பெரியவர்கள் அத்தனை பேர் என் சொல்லை நம்பித் தலையாட்டியது எனக்கு அதுதான் முதல் தடவை. நான் நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் சத்தமாகச் சொன்னேன்.