பின்பக்க வாய்க்காலுக்கு விழுந்த சைபர்

“உங்கள் அருகிலுள்ள ஓர் இடத்தில் வாழும் உயிரினங்களை எழுதுக” என்ற கேள்விக்கு ஒருத்தி “ஒன்றுமில்லை” என்று விடை எழுதினால், நீங்கள் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? அவசரப்படாதீர்கள். மூன்று பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள்.

அவள் சாய ஆலையில் தொட்டி கழுவுகிறவள். துணி நனைத்த சாயத் தண்ணீரைப் பின்பக்க வாய்க்காலுக்குத் திறந்துவிட்டதும், தொட்டிக்குள் இறங்கி அடியில் தங்கிய சகதியை வாரிப்போட வேண்டும். ஆலையில் எல்லோருக்கும் அவள் ‘தொட்டிக்கா’. கையுறை கேட்டால், “போன வருஷம் குடுத்தோமே” என்பார்கள். விரல்களில் தோல் வெடித்து ரேகை அழிந்துவிட்டது. டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: “தொட்டிய நீங்க விடணும். இல்லன்னா கை உங்கள விட்டுடும்.”

அதே ஆலையில் தண்ணீரைச் சோதிக்கும் அறையில் கண்ணாடிக் குழாய் கழுவ ஆள் தேவைப்பட்டது. சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

“சுற்றுச்சூழல் சம்பந்தமா ஏதாவது சர்டிபிகேட் கொண்டா, பாக்கலாம்.”

தட்டிக்கழிக்கச் சொன்னதை அவள் வாக்காக எடுத்துக்கொண்டாள்.

இணையத்தில் சூழலியல் அறிமுகப் பாடம் இலவசமாகக் கிடைத்தது. வெடித்த விரல் நுனிக்கு போன் திரை அசையவில்லை. விரல் கணுவால் தட்டித் தட்டிப் படித்தாள். புல்லைப் பூச்சி தின்கிறது, பூச்சியைத் தவளை தின்கிறது என்று பாடம் ஓட, காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் வாயைத் திறந்தாள்.

“புழு பூச்சிக்கெல்லாம் பாடமா அண்ணி? அடுப்படியில கரப்பான் ஓடுது. அதுக்கு மொதல்ல பரீட்சை வைங்க.”

“அதுவும் ஒரு உயிர்தான்டி. நீ சிந்துறதத் தின்னு பொழைக்குது.”

“அப்ப நீங்க யாரு சிந்துறதத் தின்னு பொழைக்கிறீங்க?”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பாடத்தில் இருந்த எந்தக் கேள்வியும் அவ்வளவு ஆழமாகப் போகவில்லை.

கடைசிப் பயிற்சிதான் அந்த உயிரினக் கேள்வி. திருத்துகிறவர்கள் உடன் படிக்கும் மாணவர்கள். தனக்கு நன்றாகத் தெரிந்த வாய்க்காலை அவள் எழுதினாள். தவளை இல்லை. கொசுப்புழு இல்லை. கரையில் புல் இல்லை. நாய்கூட வாய் வைப்பதில்லை. ஒன்றையொன்று தின்ன இங்கே ஒன்றுமில்லை.

சைபர். ஒருவர், “உயிரினமே குறிப்பிடவில்லை, சோம்பேறித்தனம்” என்று எழுதியிருந்தார். இன்னொருவர், “வேறு இடம் தேடுங்கள் சகோதரி, இயற்கை எவ்வளவு அழகானது” என்றார். மூன்றாமவர் ஒரு சிரிப்புப் பொம்மையோடு முடித்துக்கொண்டார்.

இன்னொரு வாய்ப்பு இருந்தது. ஆலை முகப்பில், விருந்தினர் பார்வைக்காகக் குடிதண்ணீர் விட்டு வளர்க்கும் அல்லிக் குளத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மீன், தும்பி, நத்தை என்று எழுதினாள். முழு மதிப்பெண் வந்தது. பச்சை ஓரம் போட்ட சான்றிதழும் வந்தது.

சூப்பர்வைசர் அவளை மேனேஜரிடம் அனுப்பினார். மேனேஜர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளிடம், “எங்க தொழிலாளியே சூழலியல் படிச்சவங்க, எங்க குளத்தையே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க” என்றார். அதிகாரிகள் குளத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். பின்பக்கம் யாரும் போகவில்லை.

“அப்ப அந்த டெஸ்ட் ரூம் வேலை, சார்?”

“அதுக்கு டிகிரி வேணும்மா. உன்ன மாதிரி வெவரம் தெரிஞ்சவங்க தொட்டியில இருந்தாத்தானே தண்ணி சுத்தமா இருக்கும்.”

சூப்பர்வைசர் சிரித்தார். அவள் தொட்டிக்குத் திரும்பினாள்.

சில மாதங்களில் அவளுடைய வலது கை மடங்காமல் போயிற்று. வாளி பிடிக்க முடியாதவளுக்கு ஆலையில் வேலை இல்லை என்றார்கள். தலையெழுத்து என்றாள் நாத்தனார். தலையெழுத்துக்குக் கையுறை வாங்கும் அதிகாரம் கிடையாது, மேனேஜருக்கு இருந்தது. சான்றிதழைக் கேட்டதற்கு, “அது இப்ப கம்பெனி சொத்து” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

இன்றும் அது அங்கேதான் தொங்குகிறது. எந்த ஆலையின் வரவேற்பறையிலாவது அப்படி ஒன்றைப் பார்த்தால், தயவுசெய்து குளத்தோடு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் போங்கள். வாய்க்காலைப் பாருங்கள். கண்டதை உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்றே எழுதுங்கள்.