பதினேழாம் நம்பர் ஜாயின்ட்

என் அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னல் ஒன்பது வருடமாகத் திறக்கப்படவில்லை. நேர் எதிரே, இரண்டு தெரு தள்ளி, ஊர்க் குப்பை மொத்தமும் மலையாகக் கிடந்தது. திறந்தால் நாற்றம் வரும், அதற்கு முன்னால் ஈ வரும். அத்தான் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, காற்றுகூட நுழையாமல் அடைத்திருந்தார். அடைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்தாறு வருடமாக கேஸ் குழாய் ஃபிட்டர். அவர் முறுக்கிய ஜாயின்ட் ஒன்றுகூடக் கசிந்ததில்லை. ஒரு குவளை சோப்புத் தண்ணீரும் பழைய ஷேவிங் பிரஷுமாகத்தான் திரிவார். ஜாயின்ட்டில் நுரையைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார். வேலை செய்யும் இடத்தில் அவருக்கு நுரைக்காரர் என்றுதான் பெயர்.

மக்கும் குப்பையிலிருந்து கேஸ் எடுத்து, அதில் ஜெனரேட்டர் ஓட்டி, தெருவிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் நிலையம் எங்கள் பகுதியில் வரப்போகிறது என்றதும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். பழைய இடத்தைவிடச் சம்பளம் குறைவு. அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அது ஓட ஆரம்பிச்சா குப்பைமேட்டுக்கு வண்டியே போகாது. அன்னிக்கு இந்த ஜன்னலை நானே திறந்து விடறேன்," என்றார் அத்தான். மறுநாள் அக்காவே அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். நானும் அங்கேயே சேர்ந்தேன். வீடு வீடாகப் பச்சை வாளிகளை வாங்கிக் கொட்டிவரும் வண்டிக்கு டிரைவர்.

கட்டி முடிப்பதற்குள் எங்களுக்கு மண்டை காய்ந்துவிட்டது. வரைபடத்தில் வால்வு இருந்த இடத்தில் நேரில் சுவர் இருந்தது. நகராட்சி அலுவலகத்துப் பொறியாளரிடம் சொன்னால், அவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பார்க்கப் பார்க்கச் சுவர் நகர்ந்துவிடும் என்பது போல. அத்தான் அந்தச் சுவரைச் சுற்றிக் குழாயை வளைத்துக் கொண்டுபோனார். மொத்தம் நாற்பத்திரண்டு ஜாயின்ட். ஒவ்வொன்றுக்கும் பெயின்ட்டில் நம்பர் போட்டார்.

விஷயம் எளிதுதான். மூடிய தொட்டிக்குள் சாணக் கரைசலை ஊற்ற வேண்டும். அதில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் காய்கறித் தோலும் மீந்த சாப்பாடும் தீனி. அவை தின்று செரித்து விடும் காற்றுதான் கேஸ். கேஸ் சேரச் சேர தொட்டிக்கு மேலே இருக்கும் ரப்பர் பை உப்பும். வெறும் சாணம் மட்டும் இருந்தபோது பை கொஞ்சம் எழும்பியது. நாங்கள் எல்லாரும் வாயெல்லாம் பல்லாக நின்றோம். வீட்டுக் குப்பை போட ஆரம்பித்த மூன்றாவது வாரம் பை தொங்கிவிட்டது. தொண்ணூறு நாளுக்குள் சோதனை அடுப்பில் சுடர் காட்டாவிட்டால் நிலையத்துக்குப் பூட்டு, குப்பை பழையபடி மேட்டுக்கு என்பது ஒப்பந்தம். ஐம்பது நாள் ஏற்கெனவே போயிருந்தது.

எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: கசிவு. வாட்ச்மேன்கூடச் சொன்னார். அத்தான் நாற்பத்திரண்டு ஜாயின்ட்டையும் தடவினார். குமிழி இல்லை. மறுநாள் மறுபடி தடவினார். ஏணியில் ஏறி, சாக்கடை ஓரம் குப்புறப் படுத்து, ஒரு மாதம் இதே பிழைப்பு. கசிவே இல்லாத இடத்தில் கசிவைத் தேடுகிறவனை உலகம் எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் அவரைப் பார்த்தார்கள். வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டின் முன் சும்மா உட்கார்ந்திருந்தார்.

எண்பத்தோராம் நாள் என் வண்டியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ளே, உன் வண்டில ஏன் ஒரு ஈகூட இல்ல?"

நான் பெருமையாகச் சொன்னேன். ஆரம்பத்தில் வண்டி நாறிய நாற்றத்தில் எனக்கு மதியச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. அக்காவிடம் புலம்பினேன். அவள் அடுத்த நாளே தன் வாளியில் ஒரு மூடி பினாயில் ஊற்றிக் கொடுத்தாள். என் தம்பி பாவம் என்று பக்கத்து வீட்டிலும் சொன்னாள். பினாயிலுக்கும் பஞ்சமில்லை. போன வருடம் ஈத் தொல்லை என்று மனுக் கொடுத்ததற்கு, அலுவலகமே வீட்டுக்கு ஆறு பாட்டில் கொடுத்திருந்தது. ஒரே வாரத்தில் பதினொரு தெருவும் ஊற்ற ஆரம்பித்துவிட்டது. ஊரிலேயே மணக்கிற குப்பை வண்டி என்னுடையதுதான்.

சொல்லி முடிப்பதற்குள் அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஈயவே கொல்றது, தொட்டிக்குள்ள இருக்கறத மட்டும் விட்டுவைக்குமா?" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இத்தனை நாளும் அவர் கசிவைத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் தினமும் இரண்டு நடை விஷத்தைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன், அதுவும் விசிலடித்துக்கொண்டு.

இரண்டு பேரும் பொறியாளரிடம் போனோம். அவர் முழுதும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கினார். வீட்டுக் குப்பை சரியில்லை என்று எழுதினால், மக்களுக்குத் தரம் பிரிக்கத் தெரியவில்லை என்று திட்டத்தையே மூடிவிடுவார்கள். பினாயில் கொடுத்தது அலுவலகம் என்று எழுதினால், அந்தக் காகிதம் மேலே போகவே போகாது. குழாயில் பழுது என்றால் மட்டும் ஒப்பந்தப்படி இன்னும் அறுபது நாள் கிடைக்கும். எங்கே கசிந்தது, யார் முறுக்கியது என்று எழுதி ஃபிட்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

"அவர் கைல ஒண்ணும் கசியல சார். தப்பு நாங்க பண்ணது," என்றேன்.

"தெரியும். ஆனா அதுக்கு ஃபார்ம்ல இடம் இல்லையே," என்றார் பொறியாளர்.

அத்தான் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கினார். எந்த ஜாயின்ட் என்று பொறியாளர் கேட்டதற்கு, பதினேழு என்றார். வெளியே வந்ததும், கையெழுத்துப் போட்டதைப் பற்றி அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

தொட்டியை மொத்தமாக வாரி வெளியே எடுத்து, புதுச் சாணம் கரைத்தோம். பினாயில்தான் காரணம் என்று தெரிந்ததும் அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அவளே பதினொரு தெருவும் ஏறி இறங்கி மிச்ச பாட்டில்களை வாங்கி வந்தாள். என் வண்டி பழையபடி நாறியது. நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசவேயில்லை. நாற்பத்து நாலாம் நாள் பை உப்பி நின்றது. அத்தான் தீக்குச்சி கிழித்தார். நீலமாகப் பிடித்தது.

தொடக்க விழாவுக்கு அக்கா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி ஒருவர் மைக்கில் அறிக்கையை வாசித்தார். ஃபிட்டரின் கவனக்குறைவால் பதினேழாவது இணைப்பில் ஏற்பட்ட கசிவு, அலுவலகத்தின் துரித நடவடிக்கையால் சரிசெய்யப்பட்டது என்றார். கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை. திரும்பி அத்தானைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கத்தியை எடுத்து ஜன்னலின் ரப்பர் பட்டையை உரிக்கத் தொடங்கினார்.

"நீங்க முறுக்கினது கசியாது. எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?" என்றாள் அக்கா.

"திறந்து விடறேன்னு சொன்னேன்ல," என்றார்.

ஜன்னல் கதவு இரண்டு தள்ளுக்கு அசையவில்லை, மூன்றாவதில் திறந்தது. காற்று வந்தது. அக்கா வெளியே பார்க்கவில்லை. சமையல் மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நுரைக்காரர் என்ற பெயர் போய்விட்டது. இப்போது நிலையத்தில் அவரைக் கசிவு என்று கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. தினமும் வேலை முடிந்து கிளம்புமுன் அவர் குவளையையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு பதினேழாம் நம்பர் ஜாயின்ட்டுக்குப் போகிறார். சுற்றிலும் நுரை தடவுகிறார். நானும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். நுரை தானாகக் காயும்வரை இரண்டு பேரும் அங்கேயே நிற்கிறோம். ஒரு குமிழிகூட வருவதில்லை.